வைத்தியர் கேட்க வேண்டிய இரு கேள்விகள்



அரியாலையிலிருந்து வைத்தியரிடம் செல்பவர் "மனம் சோர்ந்துவிட்டது" என்று சொல்வது அரிது. தலையிடி, நெஞ்செரிவு, உறக்கமின்மை என்றே முறையிடுவார், பனடோலுடன் திரும்புவார். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், உள்ளத்துயர் இங்கு உடல்நோவாக வெளிப்படுவதை எழுதியிருக்கிறார்.

"இரண்டு வாரமாக மனம் வாடியிருக்கிறதா? எதிலும் நாட்டமில்லையா?" வைத்தியர் இவ்விரண்டையும் கேட்க ஒரு நிமிடம் போதும். அவர் கேட்காவிடில் நீங்களே சொல்லுங்கள். மருந்து தந்தால், குணம் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். மூன்றாம் நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

"ஈமான் குறைவு" என்று பிள்ளையை ஏசுவோர், நீரிழிவுக்காரரை அவ்வாறு ஏசுகிறார்களா? நபி (ஸல்) அவர்கள் மருத்துவம் செய்யும்படியே ஏவினார்கள்.

வாழ விருப்பமில்லை என்று பிள்ளை சொன்னால் தனியே விடாதீர்கள். அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆலோசனைக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.