பழைய துப்பாக்கியின் மதிப்பு



படையினர் கழித்துவிட்ட பழைய துப்பாக்கியின் மதிப்பைக் காட்டுவது அதன் பளபளப்பு அன்று. அதன்மீது பொறித்துள்ள எழுத்துகளே. வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலையில் செய்த துப்பாக்கியையே சான்றாகக் கொள்வோம்.

மரக்கட்டை இரும்புடன் சேரும் கழுத்தின் வலப்புறத்தில் ஊர்ப்பெயரும் ஆண்டும் காணப்படும். மகுடமும் 'ஜி. ஆர். ஐ.' என்னும் எழுத்துகளும் இருப்பின், அது ஜார்ஜ் மன்னர் காலத்தது. அசோகச் சிங்கங்கள் இருப்பின், விடுதலைக்குப் பிற்பட்டது.

பழைய வகை, 'த்ரீ நாட் த்ரீ' தோட்டாவுக்கு உரியது. 1960களில் தோன்றிய '2ஏ', '2ஏ1' வகைகளோ 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு உரியவை. சதுரமான தோட்டாப் பெட்டியால் அவற்றை அறியலாம். தோற்றத்தில் உடன்பிறப்புகளாயினும் ஒன்றன் தோட்டா மற்றொன்றுக்கு ஆகாது.

போல்ட்டிலும் உடலிலும் உள்ள எண்கள் ஒத்திருந்தால் மதிப்பு மிகும். குழலின் உட்புறம் அரித்திருந்தால் குறையும். 'டி. பி.' என்னும் குறி இருப்பின், அது அணிவகுப்புப் பயிற்சிக்கே உரியது; சுடுதல் ஆபத்து. துருவைப் போக்க உப்புத்தாளால் தேய்ப்பவர் எழுத்தையும் அழிக்கிறார், விலையையும் அழிக்கிறார்.

அமெரிக்காவில் இவற்றைச் சேகரிப்போர் பலர். நம் நாட்டிலோ, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றி வைத்திருத்தலே குற்றம். ஆகவே, வெளி மாநிலத்தில் நீங்கள் குடியேறிய பழைய வீட்டின் பரணில் இத்தகைய துப்பாக்கி கிடைத்தால், விலை விசாரிக்க வேண்டா. கையால் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். அதன் வரலாற்றை அறிவதற்கு உரிமம் தேவையில்லை, வைத்திருப்பதற்குத் தேவை.