என் அம்மாவுக்கு நான் வாத்தியார்

(பட்டிமண்டபத் தலைப்பு: 'கல்வி பெரிதும் தேவைப்படுவது பிழைப்புக்கே! வாழ்வுக்கே!' - 'வாழ்வுக்கே' என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! கல்வியைக் காசாக்கியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருக்கும் எதிரணி நண்பர்களே! அடுப்பில் குழம்பைக் கொதிக்கவிட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! (கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரர் சொன்னார்: "படிச்சா வேலை, வேலைன்னா சம்பளம், சம்பளம்னா சாப்பாடு. இதுக்குத்தான்யா படிப்பு." ஐயா, அவர் சொன்னதில் ஒரு கணக்கு இடிக்குது. ராமானுஜன் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாசம் முப்பது ரூபாய் சம்பளம். சாப்பாட்டுக்கு வழி ஆச்சு. சம்பளத்துக்காகத்தான் கணக்குப் படிச்சாருன்னா, அன்றைக்கே நோட்டை மூடி வைத்திருக்கணும். மூடினாரா? அடுத்த வருஷம், 1913இல், கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஏன் எழுதினார்? பிழைப்பு கிடைச்ச பிறகும் அவருக்குப் பசி தீரலை. அது வயிற்றுப் பசி இல்லை! (கைதட்டல்)

"அவர் மேதை, நம்ம கதைக்கு வாம்மா"ன்னு நடுவர் பார்க்கிறார். வர்றேன் ஐயா. நான் சொல்லப்போவது ஒரு மேதையைப் பற்றி இல்லை. என் அம்மாவைப் பற்றி.

எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டம். அம்மா கல் குவாரியில் ஜல்லி உடைச்சவங்க. 1991இல் எங்க மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. படிச்சவங்க படிக்காதவங்களுக்குச் சொல்லித்தரணும். சம்பளம் கிடையாது. ராத்திரியில் வகுப்பு. நான் அப்போ ஒன்பதாம் வகுப்பு. எனக்குக் கிடைச்ச மாணவி யார் தெரியுமா? என் அம்மாவேதான். (சிரிப்பு)

சிரிக்கிறீங்க. ஆனா நான் நல்ல வாத்தியாராக இல்லை. என் வாத்தியார் எனக்கு என்ன செய்தாரோ, அதையே நான் அம்மாவுக்குச் செய்தேன். 'அ' எழுதச் சொன்னேன். கோணலாக வந்தது. மறுபடி எழுதச் சொன்னேன். மறுபடி கோணல். பகலெல்லாம் சுத்தியல் பிடிச்ச கை ஐயா, பல்பம் நிக்கலை. பத்து நாள் பார்த்தேன். ஒரு நாள் சிலேட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, "உனக்கெல்லாம் மண்டையில ஏறாதும்மா"ன்னு சொல்லிட்டேன்.

அம்மா கோபப்படலை. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னாங்க: "ஆத்தா, கல்லை ஓங்கி ஓங்கி அடிச்சா உடையாது. அது எந்தப் பக்கம் பிளக்கும்னு பாத்துத் தட்டணும்."

நடுவர் அவர்களே, அதுக்கப்புறம் நான் பி.எட். படிச்சேன். ஆசிரியராகி இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கலை. (பலத்த கைதட்டல்)

மறுநாள் 'அ'வை விட்டேன். "இன்னைக்கு எத்தனை கூடை ஜல்லி உடைச்சே?"ன்னு கேட்டேன். "ஆறு." சிலேட்டில் 6 போட்டேன். "நேத்து?" "நாலு." 4 போட்டேன். அந்தக் கல் அந்தப் பக்கம்தான் பிளந்தது. எண் வந்தது, பின்னாலேயே எழுத்தும் வந்தது.

நாலு மாசம் போச்சு. குவாரியில் கூலிக்கணக்கு எழுதுறவர் நோட்டை நீட்டி, "கைநாட்டு வையி"ன்னார். அம்மா குனிஞ்சு பார்த்தாங்க. ரொம்ப மெதுவா, "அண்ணே, இது நாலு. நான் உடைச்சது ஆறு. ஆறு எப்படி இருக்கும்னு எம்மக சொல்லித் தந்திருக்கா"ன்னாங்க.

அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆனா பின்னால் நின்ன அத்தனை பெண்களும் அன்றைக்கு, "எனக்கு எத்தனை போட்டிருக்குன்னு பாரு அக்கா"ன்னு அம்மாகிட்ட நோட்டைக் காட்டினாங்க.

எதிரணித் தலைவர் துள்ளுகிறார்! "பாத்தீங்களா, கூலி! பிழைப்பு!"ன்னு சொல்லத் துடிக்கிறார். உட்காருங்க ஐயா. (சிரிப்பு) பிழைப்பு அம்மாவுக்குப் படிப்புக்கு முன்னாலேயே இருந்தது. எழுத்து தெரியாமலே பதினைந்து வருஷம் கல் உடைச்சவங்க. படிச்ச பிறகும் அதே கல், அதே சுத்தியல், அதே வெயில். படிப்பு வேலையை மாத்தலை. அந்த வேலையைச் செய்யுற மனுஷியை மாத்துச்சு! தலையைக் குனிஞ்சு கைநாட்டு வைத்தவளை, நிமிர்ந்து கேள்வி கேட்க வைத்தது. அதுக்குப் பேர் பிழைப்பு இல்லை. அதுக்குப் பேர் வாழ்வு! (நீண்ட கைதட்டல்)

அதோட நிக்கலை. அறிவொளி இயக்கம் எங்க பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லித் தந்தது. 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். ஒரு அம்மா சொன்னாங்க, "அதுதான் வசதி, முன்னால இருக்குற கம்பியில புள்ளைய உக்கார வச்சுக்கலாம்"னு. அந்தச் சைக்கிளுக்கு யாராவது சர்டிபிகேட் கொடுத்தாங்களா? இல்லை. தண்ணிக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக, இன்னொருத்தர் தயவை எதிர்பார்க்காமல் போகக் கத்துக்கிட்டாங்க.

திருவள்ளுவர் கல்விக்கு ஒரு அதிகாரம் வைத்தார், நாற்பதாவது. அடுத்து கல்லாமை. அதோடு கைவிட்டாரா? அதற்கடுத்து 'கேள்வி' என்று ஒரு அதிகாரம் வைத்தார். படிக்க வாய்க்காதவனுக்கும் காது இருக்கு, கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்தார். சம்பளத்துக்குத்தான் கல்வி என்றால் இந்தக் கதவு எதுக்கு ஐயா?

வேலை வேண்டாம்னு நான் சொல்லலை. நானே சம்பளம் வாங்குறவள்தான். ஆனா அறுபது வயசில் வேலை விட்டுப்போகும். கத்துக்கிட்டது கூடவே வரும்.

தாய்மார்களே, குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "எத்தனை மார்க்?"னு கேட்கிறோம். நாளைக்கு ஒரு நாள் மாத்திக் கேட்டுப் பாருங்க: "இன்னைக்கு என்ன கத்துக்கிட்டே? எனக்குக் கொஞ்சம் சொல்லித் தா." அந்தக் குழந்தை முகத்தைப் பாருங்க. அந்த முகமே தீர்ப்புச் சொல்லும்.

எங்கம்மா இப்போ பேரப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தர்றாங்க. அவன் தப்பாப் போட்டா திட்டுறதில்லை. "எந்தப் பக்கம் பிளக்கும்னு பாருடா"ங்கிறாங்க. நடுவர் அவர்களே, நீங்களும் அந்தப் பக்கம் பார்த்துத் தட்டுங்க. தீர்ப்பு எங்க பக்கம் தானாப் பிளக்கும்!

(கைதட்டல்)