பாராக்வாட்: முதல் நாள் தெளிவும் அதுக்கப்புறமும்

"களைக்கொல்லி செடியைத்தானே கொல்லும், மனுஷனை என்ன பண்ணும்?"னு ஒரு கேள்வி அடிக்கடி வருது. எல்லாக் களைக்கொல்லியும் ஒண்ணு இல்ல. இன்னிக்கு பாராக்வாட் பத்தி மட்டும் பேசலாம். 1962-ல் கிராமாக்சோன் என்ற பெயரில் சந்தைக்கு வந்த மருந்து இது.

இதை விழுங்கிய பலர் முதல் நாள் பார்க்க நல்லாவே இருப்பாங்க. வாந்தி இருக்கும், வாய், தொண்டை வெந்து எரியும். ஆனா நினைவு தெளிவா இருக்கும், பேசுவாங்க. "ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போயிரலாம்"னு கூட இருக்கிறவங்களுக்குத் தோணும். ஏமாற்றுவது அந்தத் தெளிவுதான்.

நம்ம நுரையீரல் செல்கள் பாலிஅமீன் என்ற பொருட்களை உள்ளே இழுக்க ஒரு தனி வாசல் வெச்சிருக்கு. பாராக்வாட் கிட்டத்தட்ட அதே சாடை. அதனால அதே வாசல் வழியா நுழைஞ்சு, ரத்தத்துல இருக்கிறதைவிட பல மடங்கு நுரையீரலில் சேர்ந்துடும். அங்கே ஆக்சிஜனோட வினைபுரிஞ்சு, செல்லைச் சிதைக்கிற பொருட்களைத் திரும்பத் திரும்ப உண்டாக்கும். இதுல அது தீர்ந்தும் போகாது. நாட்கள் போகப்போக நுரையீரல் தழும்பேறி இறுகும். விஷத்தை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமும் அதாலேயே கெட்டுப்போகும்.

இதனாலதான் டாக்டர்கள் உடனே ஆக்சிஜன் வைக்கத் தயங்குவாங்க. ரத்தத்துல ஆக்சிஜன் ரொம்பக் குறைஞ்சா மட்டும்தான் கொடுப்பாங்க. "மூச்சு வாங்குது, சும்மா நிக்கிறாங்களே!"னு உறவினர்கள் சண்டை போடுவது நியாயமான கோபம்தான். ஆனா இங்கே ஆக்சிஜன் நெருப்புக்கு நெய்.

மாற்று மருந்து கிடையாது. வயித்துல இருக்கிறதை உறிஞ்ச கரித்தூள் கொடுப்பாங்க, அதுவும் சீக்கிரம் போனா மட்டும். அதனால வாந்தி எடுக்க வைக்காதீங்க, வெந்த தொண்டை இன்னும் கெடும். 108-க்கு போன் பண்ணுங்க, பாட்டிலைக் கையோட கொண்டு போங்க. மேலே சிந்தினா துணியைக் கழற்றி சோப்புத் தண்ணியில கழுவுங்க. கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இலங்கை 2008-லிருந்து 2011-க்குள் இதைப் படிப்படியாகத் தடை செய்தது. தென்கொரியா 2012-ல் விற்பனையை நிறுத்தியது. ரெண்டு நாட்டிலும் பூச்சிமருந்து குடித்துச் சாகிறவர்கள் குறைந்தார்கள், விளைச்சல் விழவில்லை. விஷம் குடிக்கிற முடிவு பல நேரம் சில நிமிஷ வேகத்தில் வருவது. கைக்கெட்டுற தூரத்தில் என்ன இருக்குங்கிறது அப்போ பெரிய விஷயம். அந்த நிமிஷத்துல யாராவது இருந்தா, டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.