சிறிய நாடும் கடல் கடந்த குடிகளும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் சென்றவர்கள் அடிவாரத்தை அறிவார்கள். சமவெளி முடிந்து சேர்வராயன் மலை தொடங்கும் இடம் அது. அங்கிருந்து மேலே இருபது கொண்டை ஊசி வளைவுகள். வண்டிகள் சற்றே நின்று போகும். குரங்குகள் வருவோரின் கையையும் பையையும் பார்த்துக்கொண்டு காத்திருக்கும். அந்த மலையடியில்தான் நான் குடியிருக்கிறேன். அப்பகுதியில்தான் நெடுங்காலம் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றேன். அயல்நாட்டுக் கொள்கையைப் பற்றிப் பேசத் தூதராக இருந்த பெரியவர் ஒருவரை அழைத்திருக்கலாமே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணினேன். ஆயினும் ஒரு சிறிய நாட்டின் அயலுறவு ஒருமுறை என் பள்ளி அலுவலறை மேசைமீதே வந்து அமர்ந்தது. நான் செய்த ஒரு பிழையால் வந்தது அது. அதனைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று கருதியே இங்கு வந்தேன்.

அந்தச் சிறிய நாடு இலங்கை. அதன் பரப்பு ஏறக்குறைய 65,000 சதுர கிலோமீட்டர்; நம் தமிழ்நாட்டில் சரிபாதி. 1948ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அது விடுதலை பெற்றபோது, அயலுறவைப் பிரதமரே தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார். திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படையும், கட்டுநாயக்காவில் பிரிட்டிஷ் விமானப்படையும் 1957 வரை இருந்தன. பெரிய நாடு ஒன்று பக்கத்தில் இருக்க, வேறொரு பெரிய நாட்டின் கப்பல் தன் துறைமுகத்தில் நிற்க, இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய நாடு எவ்வாறு தன் வழியைத் தானே வகுத்துக்கொள்வது? இக்கேள்விக்கு விடையாக 1952ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

அவ்வாண்டில் உலகச் சந்தையில் அரிசி கிடைப்பது அரிதாயிற்று, விலையோ ஏறிற்று. இலங்கை விற்கும் ரப்பரின் விலையோ இறங்கிற்று. மக்கள் உண்ணும் சோற்றில் பெரும்பகுதி வெளியிலிருந்து வரவேண்டிய நாடு அது. கேட்ட விலைக்கு அமெரிக்காவிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. அப்போது வர்த்தக அமைச்சராயிருந்த ஆர். ஜி. சேனநாயக்கா சீனாவை நாடினார். ஆண்டுக்கு 2,70,000 டன் அரிசி வாங்கி, 50,000 டன் ரப்பர் விற்பதென ஐந்தாண்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. இதிலே வியப்பு என்னவென்றால், அன்று இலங்கையில் ஆட்சி செய்தவர்கள் பொதுவுடைமைக் கட்சியைக் கண்டாலே முகஞ் சுளிப்பவர்கள். சீனாவுடன் தூதுவர் பரிமாற்றமும் அப்போது இல்லை, அது 1957இல்தான் நிகழ்ந்தது. அமெரிக்கா சினந்து உதவியை நிறுத்திற்று. ஆனாலும் ஒப்பந்தம் நின்றது. கொள்கை என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அது பல நேரங்களில் சோற்றுப்பானையிலிருந்தே பிறக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

பின்னர் அந்நாடு அணிசேரா நாடுகளின் வரிசையில் நின்றது. இந்தியாவும் சீனாவும் போரிட்ட 1962ஆம் ஆண்டின் இறுதியில், சமாதானம் பேச அணிசேரா நாடுகள் ஆறு கூடியதும் கொழும்பில்தான். இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்கவேண்டும் என்று 1971இல் ஐக்கிய நாடுகள் சபையில் தீர்மானம் நிறைவேறியதில் அந்நாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. 1976இல் அணிசேரா நாடுகளின் ஐந்தாம் உச்சி மாநாடும் அங்கே நடந்தது. இவையெல்லாம் தேர்வுக்கு வரக்கூடிய ஆண்டுகள், குறித்துக்கொள்ளுங்கள். நான் பேச வந்தது வேறொன்று.

அயல்நாட்டில் ஒரு நாட்டுக்கு இருவகை அலுவலர் இருப்பர். தூதர் என்பவர் அரசாங்கத்தோடு பேசுபவர். மற்றொரு வகையினர், கான்சல் என்று நாம் சொல்பவர், தம் நாட்டு மனிதரோடு பேசுபவர். கடவுச்சீட்டுத் தொலைந்தவன், சிறைப்பட்டவன், அயல்மண்ணில் இறந்தவனின் மனைவி, பிள்ளை பெற்றவள், இவர்களெல்லாரும் வந்து நிற்கும் வாசல் அவருடையது. இவர்கள் இன்னின்ன செய்யலாம் என்பதை 1963இல் வியன்னா நகரில் உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கையில் எழுதிவைத்தன. பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்யும் பதிவாளராகவும் அவர் பணியாற்றலாம் என்பது அதில் ஒன்று. கைதான தம் நாட்டவரைச் சிறையில் சென்று காணலாம் என்பது இன்னொன்று. ஒரு நாடு வேண்டிக்கொண்டால், அதன் குடிகளுக்காக வேறொரு நாட்டின் அலுவலகம் இப்பணியைச் செய்யலாம் என்றும் அவ்வுடன்படிக்கை இடம் தருகிறது. எல்லா நாடுகளிலும் அலுவலகம் திறக்கச் சிறிய நாட்டிடம் பணம் ஏது? 1990இல் ஈராக் படைகள் குவைத்துக்குள் புகுந்தபோது, அங்கே வீட்டுவேலைக்குச் சென்றிருந்த இலங்கைப் பெண்கள் பல்லாயிரவர். இந்தியா தன் விமானங்களை அனுப்பி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தன் மக்களை மீட்டது. இலங்கைக்கு அத்தனை விமானங்கள் இல்லை; ஜோர்தான் பாலைவனத்தைக் கடந்துவந்தவர்களுட் பலரை அனைத்துலக அமைப்புகளின் உதவியால்தான் வீடு சேர்க்க முடிந்தது.

இனி, குடிமகனைக் காப்பது இருக்கட்டும். யார் குடிமகன் என்பதை முதலில் சொல்லவேண்டுமன்றோ? இங்கேதான் நம் சேலமும் கதைக்குள் வருகிறது.

சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் என்பவர் 1820களில் ஏற்காட்டு மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார் என்பது எங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அதே காப்பி இலங்கை மலைகளிலும் பெருகிற்று. அங்கு நோய் விழுந்து காப்பி அழிய, தேயிலை வந்தது. அந்தத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று கங்காணிகள் நம் ஊர்களுக்கு வந்தனர். திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சென்றார்கள். ஆள் சேர்ப்பதற்காக இலங்கைத் தொழிலாளர் ஆணையம் ஒன்று திருச்சியில் தலைமையிடம் வைத்திருந்தது. மண்டபத்தில் நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. சென்றவர்களின் கழுத்தில் எண் பொறித்த தகர வில்லை ஒன்று தொங்கும். எந்தத் தோட்டத்துக்கு என்பதை அந்த வில்லை சொல்லும். அவர்களுடைய கடவுச்சீட்டு அதுதான்.

விடுதலை பெற்ற இலங்கை 1948இல் இயற்றிய 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிவிட்டது. இந்தியாவோ, அவர்கள் அந்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள், அவர்களை ஏற்கவேண்டியது இலங்கையே என்றது. 1954இல் நேருவும் கொத்தலாவலையும் பேசினார்கள், முடியவில்லை. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பமிட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அவருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்க்கப்படும். 1974இல் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பிரித்துக்கொண்டனர். கணக்கு வாத்தியாராகவும் இருந்தவன் நான். கூட்டல் சரியாகவே இருக்கிறது. ஆனால் வகுக்கப்பட்டது மனிதர். ஒப்பந்தம் பேசிய மேசையில் அவர்கள் சார்பில் ஒருவரும் இருக்கவில்லை. இலங்கையை மட்டும் இதற்குக் குறை சொல்லுதல் நேர்மையாகாது. பெரிய நாடாகிய நாமும் அந்த மேசையில்தான் இருந்தோம்.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் வகுப்பில் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பையன் ஒருவன் சேர்ந்தான். அவனை நாங்கள் ‘சிலோன்’ என்றே கூப்பிட்டோம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை. அங்கே தன் தகப்பனாரைக் கள்ளத்தோணி என்பார்கள் என்று அவன் ஒருநாள் சொன்னான். எங்களுக்கு அது வேடிக்கையாயிருந்தது. சிரித்தோம்.

திரும்பி வராதவர்களும் இருந்தார்கள். தோட்டங்களில் கலவரம் மூண்டபோது வன்னிப் பக்கம் குடிபெயர்ந்த மலையகக் குடும்பங்கள் பல. 1983க்குப்பின் அங்கும் போர் துரத்த, படகேறி இராமேசுவரத்தில் வந்து இறங்கின. பாட்டன் தகர வில்லையோடு தங்கிய மண்டபத்திலேயே பேரன் ஏதிலியாகத் தங்கினான். 2021ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டின் 108 முகாம்களில் 58,000க்கு மேற்பட்டோர் இருந்தனர். அவ்வாண்டில்தான் தமிழ்நாடு அரசு அவற்றை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றிற்று. சேலம் மாவட்டத்திலும் அத்தகைய முகாம்கள் உண்டு.

முகாமிலே பிறந்த குழந்தை எந்த நாட்டுக் குழந்தை? இந்தியச் சட்டப்படி, 1987 சூலை 1 முதல் பிறந்தவர் இந்தியர் ஆவதற்குப் பெற்றோருள் ஒருவராவது இந்தியராயிருத்தல் வேண்டும். இலங்கைச் சட்டமோ, அயல்நாட்டில் பிறக்கும் குழந்தையை ஓராண்டுக்குள் தூதரக அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டும் என்கிறது. தக்க காரணம் இருப்பின் அமைச்சர் காலத்தை நீட்டிக்கலாம். தொடக்கத்தில் தந்தை குடிமகனாயிருந்தால்தான் இந்த உரிமை; 2003இல்தான் தாய் வழியாகவும் கிடைத்தது. சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர் ஆணையரகம் இப்பணியைச் செய்துவருகிறது. போரிலே வீடும் பெட்டியும் எரிந்தவர்கள் தம் பிறப்புச் சான்றுக்கும் திருமணச் சான்றுக்கும் எங்கே போவார்கள்? சந்திரகாசன் தோற்றுவித்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இத்தகைய சான்றுகளைத் தேடித் தருவதில் பெரிதும் உழைத்தது. மலையக வழியினருக்கோ காட்ட ஒரு சான்றுமே கிடையாது. அவர்களுக்காக 2003இல் இலங்கை ஒரு சட்டம் செய்தது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கு வாழ்ந்தவர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை என்றது அது. ஆனால் தொடர்ந்து அங்கேயே இருந்திருக்கவேண்டும் என்றது. ஓடிவந்தவர் எப்படித் தொடர்ந்து இருந்திருப்பார்? 2009இல் அச்சட்டத்தைத் திருத்தி, நெருக்கடியால் இந்தியாவுக்கு வந்தவர்களையும் சேர்த்தார்கள். இதற்காக அந்நாட்டைப் பாராட்டவேண்டும். போர் முடிந்த ஆண்டில் இதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன்.

முகாமிலிருந்து ஒரு மாணவி எங்கள் பள்ளியில் படித்தாள். 2008இல் பத்தாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள். மாற்றுச் சான்றிதழில் ‘தேசிய இனம்’ என்று ஓர் இடம் உண்டு. அவ்வாண்டு எழுதிய சான்றிதழ் அனைத்திலும் எழுதியதுபோல் அவளுடையதிலும் ‘இந்தியன்’ என்று எழுதியிருந்தது. நான் படித்துப்பாராமல் ஒப்பமிட்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அவள் தந்தையார் வந்தார். மெலிந்த மனிதர், கதவருகிலேயே நின்றார்.

“ஐயா, ஊருக்குத் திரும்பலாமென்று பிரசாவுரிமைக்கு எழுதிப் போட்டோம். பிள்ளையின் பிறப்புச் சான்றில் பெயர் எழுதவில்லை. பெயருக்காக உங்கள் சான்றிதழை வைத்தோம். அதில் இந்தியன் என்று இருக்கிறதாம். இந்தியக் குடியுரிமை உள்ள பிள்ளைக்கு இங்கே எப்படித் தருவது என்று கேட்கிறார்கள்.”

கேட்ட அலுவலர்மேல் தவறு இல்லை. எழுத்தில் இருப்பதைத்தான் அவர் நம்பமுடியும். நான் அப்பெரியவரை உட்காரச் சொன்னேன். பதிவேட்டைத் திருத்த மேலலுவலக அனுமதி வேண்டும். எழுதினேன், நினைவூட்டினேன், நேரிலும் சென்றேன். ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் அவர் மாதம் ஒருமுறை வந்து, “இன்னும் வரவில்லையா ஐயா?” என்று கேட்டுப் போவார். ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

ஒருநாள் காத்திருந்த வேளையில் சன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “எங்கள் பூட்டன் இந்த மலைக்குக் கீழேயிருந்துதான் போனாராம், ஐயா” என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மலையும் காப்பியும் என்று மட்டும் பாட்டி சொல்லியிருக்கிறாள்.

திருத்திய சான்றிதழ் வந்தது. பின்னர்த் தந்தைக்கும் மகளுக்கும் குடியுரிமைப் பத்திரம் கிடைத்தது. தந்தையும் தாயும் வவுனியாவுக்குச் சென்றார்கள். அந்தப் பெண் உடனே செல்லவில்லை. சேலத்தில் தொடங்கிய படிப்பை முடித்துவிட்டே சென்றாள். புறப்படுமுன் என்னிடம் விடைபெற வந்தாள். கையில் புதிய கடவுச்சீட்டு இருந்தது. அதை விரித்து, தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இம்முறை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன்.