கடன் வேறு, இரவல் வேறு

அன்புசான்ற மணிமங்கலத்துப் பெருமக்களே! ஆலைப்பணி முடித்து நேரே வந்தமர்ந்திருக்கும் இளைஞர்களே!

பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை முறியடித்த களங்களுள் ஒன்றாக இவ்வூரைக் கூரம் செப்பேடு குறிக்கின்றது. அவ்வரலாற்றைப் பேச யான் வரவில்லை. ஒரகடத்திலும் திருப்பெரும்பூதூரிலும் நும் கைகள் பூட்டி அனுப்பும் ஊர்திகளைப் போன்றவற்றுள் ஓடும் நிரல்களைப் பற்றியும், அவற்றை எழுதக் கற்போர் ஒரு சொல்லால் படும் பாட்டைப் பற்றியும் பேச வந்தேன்.

இற்றை மகிழுந்தில் தடையை அழுத்தும் காலுக்கும் நிற்கும் உருளைக்கும் இடையே ஒரு சிறு கணிப்பொறி அமர்ந்திருக்கின்றது. அதன் நினைவகத்தில் ஒரு செய்தி இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பைச் 'சுட்டு' என்போம். செய்தி நீக்கப்பட்ட பின்னும் சுட்டு எஞ்சி நின்றால் அது பாழ்மனையின் முகவரி. அங்கே வேறெவரோ குடியேறியிருப்பர். நிரலோ அவரையே பழைய உறவினர் என்று நம்பும். சி, சி++ ஆகிய மொழிகள் இப்பிழையைத் தடுப்பதை நிரலரின் விழிப்புக்கே விட்டுவிட்டன. தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் வெளிப்படும் பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு 70 இத்தகைய நினைவகப் பிழைகளே என்று மைக்ரோசாப்டு நிறுவனம் 2019இல் கூறியது.

இதற்கு மருந்தாக வந்த மொழிகளுள் ஒன்று இரசுட்டு. மொசில்லா நிறுவனத்தில் பணியாற்றிய கிரேடன் ஓர் என்பார் 2006இல் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கினார். 2015 மே 15இல் அதன் முதல் நிலைப்பதிப்பு வெளிவந்தது. இம்மொழியின் உயிர்நாடியான கருத்தை ஆங்கிலத்தில் ஒரு சொல்லால் குறிக்கின்றனர். நம் பிள்ளைகளுக்கு அதனைக் 'கடன்' என்று பெயர்த்துச் சொல்கின்றனர். இடர் அங்கேதான் தொடங்குகின்றது.

அண்டை வீட்டில் ஒரு படி அரிசி வாங்குகின்றோம். அது கடன். வாங்கிய அரிசியைச் சமைத்து உண்டுவிட்டு, வேறு அரிசியை அதே அளவிற்குத் திருப்புகின்றோம். திருக்குறளின் 221ஆம் குறள் 'குறியெதிர்ப்பை' என்று இதற்குப் பெயரே வைத்துள்ளது. ஆனால் திருமணத்திற்குப் போக ஒரு நகை வாங்கினால் அது இரவல். அதே நகை, அழியாமல், உரியவரிடம் திரும்ப வேண்டும். ஆங்கிலம் இவ்விரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடக்கிக் கொள்கின்றது. தமிழ் பிரித்து வைத்துள்ளது. இரசுட்டு மொழி கேட்பது இரவல், கடனன்று.

இனி அதன் நெறியைக் கேளுங்கள். ஒரு பொருளுக்கு உடையவர் ஒருவரே. உடையவர் மறையும்போது பொருளும் நீக்கப்படும். பிறர் அதனை இரவல் பெறலாம். பார்ப்பதற்கு மட்டும் பெறுவது நோக்கிரவல். எத்தனை பேரும் ஒருங்கே பெறலாம். திருத்துவதற்குப் பெறுவது மாற்றிரவல். ஒரு பொழுதில் ஒருவர்க்கே உண்டு, அப்பொழுது நோக்குவோர் எவரும் இருத்தலாகாது. ஏரிப்பாசன ஊரார்க்கு இது புதிதன்று. நீர்மட்டத்தை ஊரே நின்று பார்க்கலாம். மடையைத் திறப்பவர் நீர்க்கட்டி ஒருவரே. ஆனால் மடை திறந்திருக்கையில் ஏரியை எவரும் பார்க்கக்கூடாது என்று நம் ஊரார் சொன்னதில்லை, இம்மொழி சொல்கின்றது. ஏன்?

உருளைகளின் விரைவுகளை வரிசையாக நினைவகத்தில் வைத்துள்ளோம் என்க. நிரலின் ஒரு பகுதி வரிசையின் முதல் எண்ணைச் சுட்டிக் கொண்டிருக்கின்றது. மற்றொரு பகுதி புதிய எண்ணொன்றைக் கடைசியில் சேர்க்கின்றது. இடம் போதவில்லை, வரிசை முழுவதும் வேறு பேரிடத்திற்குக் குடிபெயர்கின்றது. முதற் பகுதியின் கையிலிருப்பதோ பழைய மனையின் முகவரி! சேர்த்தவரும் குற்றவாளியல்லர், சுட்டியவரும் அல்லர். இருவரும் ஒருங்கே இருந்ததே குற்றம். இரசுட்டின் தொகுப்பி இதனை நிரல் ஓடுமுன்னரே கண்டு மறுத்துவிடும். ஆகவே ஓடும்போது இச்சரிபார்ப்புக்கென வேகம் குறைவதில்லை.

தொகுப்பி கண்டிப்பு மிக்கது என்று நிரலர் முணுமுணுப்பர். அம்முணுமுணுப்பில் நேர்மையும் உண்டு. தொடக்கத்தில் இரவல் அதன் நிரற்பகுதி முடியும்வரை நீள்வதாகக் கொண்டு, குற்றமற்ற நிரல்களையும் மறுத்தது. 2018 பதிப்பு முதல், கடைசியாகப் பயன்பட்ட இடத்தோடு இரவல் முடிந்ததாகக் கொள்கின்றது.

எஞ்சியது வாழ்நாள். இரு தொடர்களை இரவலாகப் பெற்று, நீளமானதைத் திருப்பித் தரும் ஒரு செயற்கூறு இருக்கின்றது. விடையாக வரும் சுட்டு யார் வீட்டுப் பொருள்? தொகுப்பிக்குத் தெரியாது, எழுதித் தரக் கேட்கும். இரண்டிற்கும் விடைக்கும் ஒரே வாழ்நாட்குறி இட்டால், இரண்டனுள் முன்னே மறைவதற்குப் பின் விடையைத் தொடலாகாது என்று கொள்ளும். குறியிடுதலால் எப்பொருளின் வாழ்நாளும் கூடுவதில்லை. அஃது ஆவணமே, ஆயுள்மருந்தன்று. கற்போர் பெரிதும் இடறுவது இவ்விடத்தில்தான்.

பயன் உண்டா என்பீர்கள். ஆண்ட்ராய்டு மென்பொருளில் புதிய பகுதிகளை இரசுட்டு முதலிய மொழிகளில் எழுதத் தொடங்கிய பின், பாதுகாப்புக் குறைகளுள் நினைவகப் பிழைகளின் பங்கு 2019இல் நூற்றுக்கு 76 ஆக இருந்தது 2024இல் 24 ஆயிற்று என்று கூகிள் அறிவித்தது.

'வாழ்நாள்' என்பதற்கு மாறாக 'நிலைபேறு' எனலாமே என்று கேட்கலாம். எனக்கு உடன்பாடில்லை. நிலைபேறு அழியாமையைக் குறிப்பது. இங்கே பேசப்படுவதோ அழியும் நேரம். ஆயினும் நிரல் தொடங்கி முடியும்வரை நீங்காதிருக்கும் பொருள்களுக்கென இம்மொழியில் தனிக்குறி ஒன்று உண்டு. நிலைபேறு என்னும் சொல்லை அதற்கு வைத்துக்கொள்வோம்.