வானத்தை வெட்டாதீர்கள்: லின்னேயஸ் ட்ரைப்பின் 1858



லின்னேயஸ் ட்ரைப் இந்த அவைக்குப் புதியவர் அல்லர். சென்னைப் படையில் கேப்டன். 1855-இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவின் படப்பிடிப்பாளர். மறு ஆண்டு, ஹாரிஸ் பிரபு ஆளுநராக இருந்தபோது, சென்னை அரசின் படப்பிடிப்பாளராக அமர்ந்தவர். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி ராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். 1858 ஏப்ரலில் பயணம் முடிந்தது. அவ்வாண்டே படங்கள் தொகுதிகளாக வெளிவந்தன. மதுரைக்கு மட்டும் நான்கு பாகங்கள்.

வழக்கு என்னவென்றும் உங்களில் பலருக்குத் தெரியும். ட்ரைப் தம் நெகட்டிவ்களின் மேல் தூரிகையால் மேகம் தீட்டினார். இதை வைத்து நம் நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். மேகம் பொய், ஆகவே வானத்தை வெட்டிவிட்டுக் கோபுரத்தை மட்டும் நூலில் போடுவோம் என்பது ஒரு கட்சி. மேகத்தைத் தீட்டியவர் தூணையும் திருத்தியிருக்கலாம், இவரைச் சான்றாகக் கொள்ளவே கூடாது என்பது மறு கட்சி. பல ஆண்டுகளாகக் கருத்தரங்குகளில் இரண்டுக்கும் துண்டு துண்டாகப் பதில் சொல்லி வந்தேன். இன்று முழுதாகச் சொல்கிறேன்.

முதலில் காகிதம். ட்ரைப் பெரும்பாலும் கண்ணாடித் தகட்டை நம்பவில்லை. ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கூடாரத்தில் கழுவ வேண்டிய கொலோடியன் தகடு நெடும்பயணத்துக்குப் பெருஞ்சுமை. மெழுகேற்றிய காகிதத்தை முன்கூட்டியே வெள்ளி உப்பில் தோய்த்து உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு இரண்டு குறைகள். ஒன்று, அது நீல ஒளிக்கு மட்டுமே விரைந்து விழிக்கும். கோபுரத்துக்குப் போதுமான ஒளி விழுவதற்குள் வானம் அளவு மீறிப் பதிந்துவிடும். அச்சில் வானம் வெறும் வெள்ளையாக வரும்; அல்லது காகிதத்தின் நார்கள் திட்டுத் திட்டாகத் தெரியும். மற்றொன்று, எக்ஸ்போஷர் நிமிடக் கணக்கில் நீளும். அதற்குள் காற்றில் மரம் அசையும். பச்சை நிறமும் அந்த உப்புக்குச் சரியாகப் படாது. ஆகவே இலைகள் கரிய மொத்தையாக நிற்கும்.

இனி, தூரிகை பட்ட இடங்களைப் பாருங்கள். எஞ்சியிருக்கும் நெகட்டிவ்களை ஆராய்ந்தவர்கள் காட்டுவது பெரும்பாலும் வானத்தையும் இலைகளையும்தான். வேதியியல் தோற்ற அதே இரண்டு இடங்கள்! கல் அசையாது, காகிதம் கல்லை நன்றாகவே வாங்கிக்கொண்டது. அங்கே தூரிகைக்கு வேலை இல்லை. அழகுக்காகப் பொய் சொல்கிறவர் என்றால் திருமலை நாயக்கர் அரண்மனையில் அல்லவா கைவரிசை காட்டியிருப்பார்? பின்னாளில் ஆளுநர் நேப்பியர் பிரபு காலத்தில் பழுதுபார்க்கப்பட்ட அரண்மனை அது. ட்ரைப்பின் படங்களில் சுதை உதிர்ந்து, இடிபாடு தெரிய நிற்கிறது. அதை அவர் மூடவில்லை.

அப்படியானால் மேகம் எதற்கு? இங்கேதான் மதுரைக்கு அருகிலுள்ள யானைமலைக்கு வர வேண்டும். இந்த ஒரு படத்தின் பொருட்டே இவ்வளவு நாள் வாதாடினேன் என்றாலும் தவறில்லை. மேலூர்ச் சாலையில் போகிறவர் எவரும் அந்த மலையை நீளவாக்கில், படுத்த யானையாகவே பார்ப்பார். ட்ரைப் 1858 தொடக்கத்தில் அதன் முனைப் பக்கம் போய் நின்று ஒரு படம் எடுத்தார். அங்கிருந்து நீளம் மறைந்துவிடுகிறது. தரையிலிருந்து எழும் ஒற்றைப் பாறைத் திரட்சி மட்டும் எஞ்சுகிறது. அரசு அவரிடம் முதன்மையாகக் கேட்டது பழம்பொருட்களின் பதிவு. அந்த மலையிலேயே கி.பி. 770-ஐச் சேர்ந்த கல்வெட்டோடு நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. சமணர் படுக்கைகளும் தமிழி எழுத்தும் இருக்கின்றன. இந்தப் படத்தில் அவை எதுவும் இல்லை. பாறையும் தரையும் மரமும் வானமும்தான். கோயில் பட்டியல் எழுத வந்தவர் இங்கே நிலத்தைப் பார்த்திருக்கிறார், அதன் பருமனை அளந்திருக்கிறார், எங்கே நின்றால் மலை தன் உருவக்கதையை விட்டுக் கல்லாகும் என்று தேடி நடந்திருக்கிறார். இதைத் தொல்லியல் ஆவணம் என்று மட்டும் சொன்னால் நாம் அவருக்குச் செய்வது அநீதி.

நிலத்தை இப்படிப் பார்த்தவருக்கு அதன் மேலிருந்த வானமும் வேண்டியிருந்தது; மேகம் அதற்குத்தான். அந்தத் தூரிகை வேலை வழியில் நடந்திருக்காது என்பது என் கருத்து. கூடாரத்தைப் பிரித்து அடுத்த ஊருக்கு மூட்டை கட்டுகிறவருக்கு அதற்கு அவகாசம் ஏது? பயணம் முடிந்து அச்சுக்கு அணியமாக்கிய மாதங்களில்தான் நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, இந்த இடத்தில் நான் கண்ட வானம் இப்படி இல்லையே என்று பார்த்திருப்பார். கோபுரத்தைப் பதிந்தது லென்ஸ். அந்த ஊரில், அந்த வெளியில் நின்றோம் என்ற நினைவைப் பதிந்தது மேகம். ஒரு பயணப் படப்பிடிப்பாளர் தம் ஆண்டைத் திரும்பிப் பார்த்ததற்கு இதைவிடத் தெளிவான தடயம் நம்மிடம் இல்லை. அதைத்தான் நூல் அச்சிடும்போது கத்தரித்து எறிகிறோம்.

மறு கட்சிக்குத் தஞ்சை விடை தரும். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்குத் தொடர்படம் ஆக்கினார். அங்கே மேகத்துக்கு இடமில்லை, எழுத்து மட்டுமே. நினைவுக்கும் சான்றுக்கும் உள்ள எல்லை அவருக்குத் தெரிந்திருந்தது.

1860-இல் ஆளுநர் ட்ரெவெல்யன் சிக்கனம் கருதி அரசுப் படப்பிடிப்பாளர் பதவியையே நிறுத்திவிட்டார். அத்தோடு ட்ரைப்பின் படப்பணியும் ஏறக்குறைய முடிந்தது.

இளைய ஆய்வாளர்களுக்குச் சில வேலைகள் காத்திருக்கின்றன. அவர் எடுத்த கண்ணாடித் தகட்டு இரட்டைப் படங்களில் (ஸ்டீரியோ) வானம் எப்படி வருகிறது என்று காகிதப் படங்களோடு ஒப்பிட வேண்டும். நிழலின் கோணத்தைக் கொண்டு படமெடுத்த வேளையைக் கணிக்கலாம். வைகைப் படங்களை ஆற்றின் வரலாற்றுக்கு யாரும் சரிவரப் பயன்படுத்தவில்லை. ராயக்கோட்டைத் தொகுதியும் அப்படியே. அவரிடம் உதவியாளராக இருந்து, பின்னர் சென்னைக் கலைத்தொழிற்பள்ளியில் படமெடுத்த சி. அய்யாசாமிக்கு இந்த மேகங்களில் பங்கு உண்டா என்று நெகட்டிவ்களை வைத்துப் பார்க்க வேண்டும். அதுவரை, உங்கள் துறையிலிருந்து வெளிவரும் நூல்களிலாவது ட்ரைப்பின் படங்களை விளிம்பு குறையாமல் அச்சிடுங்கள் என்று பதிப்புக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.