சின்ன வயசு சர்ஜனை நம்பலாமா?

(நம் குடியிருப்பின் காலாண்டுக் கூட்டத்தில், அறுவை அரங்க நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் லிஃப்டில் ஒரு அம்மா கேட்டார்: "ஆபரேஷன் பண்ணப்போற டாக்டர் ரொம்பச் சின்னப் பையனா இருக்காரே, நம்பலாமா சிஸ்டர்?"

எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மூன்று வருடம் எம்.எஸ். படித்துத்தான் ஒருவர் சர்ஜன் ஆகிறார். ஆனாலும் பட்டம் வாங்கியவுடன் எல்லாம் கைவந்துவிடாது. அரங்கில் நான் பார்த்தது கையின் வேகத்தை அல்ல. அது எங்கே நிற்கிறது என்பதை. லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுக்கும்போது எந்தக் குழாய் எது என்று தெளிவாகத் தெரியாமல் வெட்டக் கூடாது. அந்த நேரத்தில் சீனியரைக் கூப்பிடுவதோ, வயிற்றைத் திறந்து செய்வதோ தோல்வி இல்லை. அதுதான் திறமை.

ஒருநாள் தையல் போடும் முன் பஞ்சுத்துணியை எண்ணினேன். ஒன்று குறைந்தது. புதிதாக வந்த சர்ஜன், "நீங்க தப்பா எண்ணியிருப்பீங்க, ஊசியைக் கொடுங்க" என்றார். எனக்குக் கை நடுங்கியது. "கணக்கு சரியாகாம கொடுக்க மாட்டேன், டாக்டர்" என்றேன். முகம் சிவந்தது, ஆனாலும் தேடினார். துணி வயிற்றுக்குள்தான் இருந்தது. மறுநாள் முதல், நான் வாய் திறக்கும் முன் அவரே "கணக்கு சரியா சிஸ்டர்?" என்று கேட்பார். இன்று என் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் அவரிடம்தான் அனுப்புவேன்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலிலும் இந்த எண்ணிக்கை உண்டு. புது டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது.

ஆகவே வயதைப் பார்க்காதீர்கள். நான்கு கேள்வி கேளுங்கள். கத்தியைப் பிடிக்கப்போவது யார்? இதே ஆபரேஷனை எத்தனை முறை செய்திருக்கிறார்? சீனியர் அரங்கிலேயே இருப்பாரா, போனில் இருப்பாரா? நடுவில் சிக்கல் வந்தால் என்ன செய்வார்?

நல்ல சர்ஜன் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், இன்னொரு டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.